புள்ளிக்குப் பின்னால் இருந்த எழுபத்தெட்டு

அக். 7, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஆபீஸ் மீட்டிங் வீட்டிலிருந்தே, கேமரா போடாமல்.

அண்ணனின் மீன்பிடி போட்டு நேற்று கடலில் பாரில் வலையை மாட்டிக் கிழித்துக்கொண்டு வந்தது. கடலுக்கடியில் கிடக்கும் அந்தப் பாறையை டென்சன் மாமா எத்தனையோ வருஷமாக விலகிப் போகிறவர். போட்டை ஓட்டுவது அவர்தான், அப்பாவின் கூட்டாளி. அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்:

"மாமாக்க கண்ணு மங்கியாச்சு. போன்ல பார் தெக்க கெடக்கு. இவரு வலைய நேரா அதுக்க மேல கொண்டு விட்டாரு. இனி வரண்டாம்னு சொல்லியாச்சு."

போனில் ஓடுவது நான் எழுதிய ஆப். பழைய ஜிபிஎஸ் பெட்டியில் மாமா குறித்து வைத்திருந்த இடங்களைப் போன மாதம் நான்தான் அதற்கு மாற்றினேன்.

பால் வாங்க மறந்தாச்சு.

அக். 8, புதன்

ஆப்பின் நிரலைத் திறந்தேன். பெட்டியில் பார் இருப்பது அட்சரேகை 8 டிகிரி 5.78 நிமிடம். அதை டபுளாக, புள்ளியோடு படித்து, முழு எண் மட்டும் கொள்ளும் இன்ட்டில் வைத்திருக்கிறேன். ஜாவா அன்றைக்கே தடுத்தது, மதிப்பு போய்விடும் என்று. அவசரம். முன்னால் (இன்ட்) என்று போட்டு அதன் வாயை அடைத்தேன். அப்படிப் போட்டால் ரவுண்டு கூடச் செய்யாது, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். 5.78 வெறும் 5. கடலில் ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே தள்ளி.

சோதித்தது ஒரே ஓர் இடம், துறைமுக வாசல். அதில் புள்ளிக்குப் பின்னால் .02தான். சரியாகத் தெரிந்தது.

ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் செய்யாதே என்று சொல்லிக்கொடுப்பது நான்.

உடனே திருத்தி அனுப்பினேன். யாரிடமும் ஏன் என்று சொல்லவில்லை.

அக். 10, வெள்ளி

நேற்றும் சொல்லவில்லை. இன்று அண்ணனிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"வெளிய சொல்லாத. நாலு போட்டுல ஒனக்க ஆப்புதான் கெடக்கு. திருத்தியாச்சுல்லா?"

"மாமா?"

"அது பொறவு பாக்கலாம்."

நானும் எழுந்து தட்டைக் கழுவினேன். அதுதான் அசிங்கம்.

அக். 12, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராக மாமா வீடு. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன், தப்பு ஆப்பில், நான் எழுதியதில் என்று. திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லியா, மக்கா?"

சிரிக்கிறார். அடுக்களையிலிருந்து மாமி: "அண்ணைக்கிலேருந்து ஒத்தக் கண்ணப் பொத்திக்கிட்டு காலண்டரப் படிச்சிக்கிட்டிருக்காரு, பிள்ளே. பாரு அங்கதான் இருக்கும்னு தோணிச்சாம். போன் தெக்கன்னு சொல்லுதேன்னு போனாராம்."

பாலில்லாத கட்டன்சாயா தந்தார்கள். குடித்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம், சொல்லியாச்சு என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனான். மற்ற மூன்று போட்டுக்காரர்களுக்கும் நானே போன் செய்தேன். ஒருவர் ஆப்பை அழித்துவிட்டார். சரிதான்.

அக். 14, செவ்வாய்

கிழக்கு வெளுப்பதற்குள் போட்டு கிளம்பியது. மாமாதான் ஓட்டுகிறார். ஏறுவதற்கு முன் போனை என் முன்னால் நீட்டினார்.

"இப்ப இது சரிதானா மக்கா? கோவிச்சுக்காத. கேட்டேன், அவ்வளவுதான்."

"சரிதான் மாமா."

வீட்டுக்கு வந்து எல்லா இடத்தையும் ஆப்பில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். சரி. இன்னொரு தடவை பார்க்கணும்.