தாய்மாமன் தட்டு

வில்லாபுரம், மதுரை
தை மாதம், கடைசி வெள்ளி

என் மகன் முத்துக்குமரனுக்கு, ஆத்தா மலையம்மாள் எழுதுவது.

சிங்கப்பூரில் நீயும் மருமகளும் பேத்தி மீனாவும் சுகமாக இருக்க நம் கருப்பசாமி துணை இருக்கட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் எழுத வேண்டிவரும். நீ கேட்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

என் போனை நீ எடுப்பதில்லை. உன் அக்கா மகள் ரோகிணியின் சிநேகிதன் விருமாண்டி போனில் கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிப்பதென்றாலும் கையில் வாங்கித்தான் கிழிக்க வேண்டும்.

முதலில் மீனா விஷயம். சம்பந்தத்தை முறித்த திருமங்கலத்து மாப்பிள்ளை வீட்டுக்கு நான் போனேன். யாரையும் கூட்டிக்கொள்ளவில்லை, தனியாக பஸ் ஏறிப் போனேன். உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா, "பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. ஆனா அந்தப் பிளக்ஸப் பாத்துட்டு ஊரு பேசுது, நாங்க என்ன செய்ய" என்றாள். ஒரு பேத்தி மேடையில் ஆடினால் இன்னொரு பேத்திக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "அதுவும் உங்களுக்குப் பேத்தியா?" என்றாள். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான் போனதில் நல்லது ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மீனாவுக்காக ஆத்தா ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை என்று நீ நினைத்துவிடக் கூடாது.

பிளக்ஸில் உன்னைக் கேட்காமல் உன் போட்டோவைப் போட்டதற்கு அன்றைக்குப் போனில் அம்புட்டுக் கத்தினாய். நம் பக்கம் எந்த வீட்டு விசேஷத்துக்குத் தாய்மாமனிடம் கேட்டுவிட்டுப் படம் போட்டிருக்கிறார்கள், நீயே சொல். பிளக்ஸ் கடைக்காரனே முதலில் கேட்டது, "மாமன் படம் கொண்டாந்தீகளா" என்றுதான். உன் கல்யாணத்தில் வேட்டியும் மீசையுமாக நின்றாயே, அந்தப் படத்தைக் கொடுத்தேன். அவ்வளவு பெரிசாக அடிப்பான் என்று எனக்குத் தெரியாது. ரோகிணி தலையைவிட உன் தலை பெரிசாக இருந்தது. அவள் பார்த்துவிட்டு, "மாமாதான் ஆடப் போறாருன்னு கூட்டம் வரப்போகுது அம்மாச்சி" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பில் நானும் கட்டச் சொல்லிவிட்டேன். அதை யாரோ படம் பிடித்துத் திருமங்கலத்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புவார்கள், மீனாவின் சம்பந்தம் முறியும் என்றெல்லாம் என் புத்திக்கு எட்டவில்லை. நீ சொன்ன அன்றே இறக்கிவிட்டேன்.

எதற்கு விசேஷம் வைத்தேன் என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் அக்கா மகள் ஒரு ஆட்டக்குழு தொடங்கினாள். பரதமும் ஆடுவார்கள், கரகமும் ஆடுவார்கள், எல்லாவற்றையும் சேர்த்து நாடகம் மாதிரி ஒரு கதையாகச் செய்வார்கள். அவளோடு கப்பலூர் கம்பெனியில் வேலை பார்க்கிற விருமாண்டி, அப்புறம் அஸ்வினி, அஸ்வினிக்குத் துணையாக ஒரே வீட்டில் இருக்கிற பெண், ஆக நாலு பேர். விருமாண்டி, வீட்டில் பெண் பார்த்தபோது எனக்கு ஆண் மேல்தான் பிரியம் என்று மறைக்காமல் சொல்லிவிட்டு வெளியே வந்தவன். இதற்கெல்லாம் என்ன பெயர் என்று பிள்ளைகள் சொல்லித் தந்தார்கள். அஞ்சாப்போடு நின்றவளுக்கு அது நாக்கில் தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு மாடியில் பழகுவார்கள், முடிந்ததும் கீழே வந்து என் கையால் சோறு தின்பார்கள். குழம்பில் உப்பு கூடினாலும் குறை சொல்லாத பிள்ளைகள். எனக்கு அது போதும்.

குழுவுக்கு அவள் வைத்த பெயர் கனகா. உன் அக்கா பெயர்தான். அம்மா முகம் தெரியாத பிள்ளை, ஊர் ஊராக அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று வைத்தாள்.

லைட்டு, உடுப்பு, ஊர்களுக்குப் போக ஒரு பழைய வேன், இம்புட்டும் வேண்டும். பேங்கில் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கலைக்கு உதவி செய்கிறோம் என்ற ஒரு டிரஸ்டில், குழுவின் மூன்று வருஷக் கணக்கைக் கொண்டுவா என்றார்களாம். பிறக்காத பிள்ளைக்கு மார்க்கு கேட்கிறான் என்று விருமாண்டி சொல்லிச் சிரித்தான். சிரித்துவிட்டு அவனே மாடிப்படியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான்.

அப்போதுதான் நான் சொன்னேன், நம் வழியில் செய்வோம் என்று. சொந்தபந்தம் ஒரு வீடு விடாமல் எல்லா விசேஷத்துக்கும் போய் மொய்ப்பணம், சீர் என்று செய்முறை செய்துவிட்டு வந்தவள் நான். கனகா போன இந்த வீட்டில் பல வருஷமாக ஒரு பந்தல் போடவில்லை. ரோகிணிக்குக் கல்யாணம் என்று எவனும் பத்திரிகை அடிக்கப் போவதுமில்லை. செய்தது திரும்பி வர வேறு எந்த நாள் இருக்கிறது? குழு தொடங்குகிற நாளையே விசேஷமாக வைப்போம், அவள் காலில் சலங்கை கட்டுகிற நாள்தான் அவளுக்குக் கல்யாண நாள் என்றேன். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுத்தேன். சொன்னால் ஆச்சரியப்படுவாய், சொந்தத்தில் பாதிக்கு மேல் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தார்களோ, எனக்காக வந்தார்களோ, வந்தார்கள்.

நீயும் வருவாய் என்றுதான் நினைத்தேன். கோபத்தில் ஆயிரம் சொல்லுவாய். லீவு இல்லை என்று சொல்லிவிட்டுச் சித்திரைத் திருவிழாவுக்கு வாசலில் வந்து நின்றவன்தானே நீ. தெருமுனையில் மேளத்தை நிறுத்தி வைத்தேன், மாமன் கொண்டுவருகிற சீர்த்தட்டை அழைத்துவர. உனக்கு மணைப்பலகை போட்டு மாலையும் எடுத்து வைத்தேன். செய்முறை வாசிக்கிற வீரணன் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேளக்காரர்கள் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

தாய்மாமன் தட்டு இறங்காமல் மற்றவர்கள் செய்முறை வைக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா. கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். உன் சின்ன மாமியார் ரெங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமன் வராம நாங்க எப்படி மதினி முந்துறது? நாளைக்கு அவனே எங்களக் கேப்பானே" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

விருமாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாச்சி, கடையில ஒரு சேலையும் தேங்காயும் வாங்கித் தட்டுல வச்சு, சிங்கப்பூருலருந்து வந்துச்சுன்னு சொல்லிருவோம். எவன் போயி விசாரிக்கப் போறான்" என்றான். ஒரு வார்த்தை நான் ஆகட்டும் என்றிருந்தால் வேனும் வந்திருக்கும், லைட்டும் வந்திருக்கும். சொல்லவில்லை. நீ உயிரோடு இருக்கும்போது உன் தட்டை நான் கடையில் வாங்குவதா? அப்படி வாங்கினால் நீ இல்லை என்று ஆகிவிடாதா? என் வீம்பு என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம். ரோகிணி மட்டும், "அம்மாச்சி சொல்றதுதான் சரி, மாமா வராட்டி வராமயே இருக்கட்டும், பொய்யா வர வேண்டாம்" என்றாள்.

அப்புறம் உன் மணைப்பலகைக்கு முன்னால் குனிந்து, தானே தன் காலில் சலங்கையைக் கட்டிக்கொண்டு ஆட வந்தாள்.

என்ன ஆடினாள் தெரியுமா? அவள் காதுகுத்தை ஆடினாள். அன்றைக்கு நாமெல்லாம் அவளை ஆண்பிள்ளை என்று நினைத்திருந்தோம். அவள் பிள்ளையாக ஆடவில்லையடா, மாமனாக ஆடினாள். நீ மீசையை முறுக்குவது, மடியில் பிள்ளையை இறுக்கிக்கொள்வது, ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை அழாமல் இருக்க நீ அழுதது, குத்திய காதில் ஊதி ஊதி விட்டது, ஒன்று விடவில்லை. வீரணன் மைக் திறந்திருப்பதை மறந்து, "ஏலே, முத்துக்குமரனேதான்டா" என்று சொல்லிவிட்டான். பந்தல் முழுக்கக் கேட்டது. ரெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உனக்குக் காட்டத்தான் அதை அவள் ஆறு மாதமாகப் பழகியிருக்கிறாள். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஆடி முடித்ததும் பந்தி. எல்லாரும் சாப்பிட்டார்கள், நன்றாக இருந்தது என்றார்கள், கையைக் கழுவினார்கள். கவர்கள் சட்டைப்பையிலேயே வீட்டுக்குப் போயின.

இப்போது அஸ்வினியும் அந்தப் பெண்ணும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். வேனுக்குப் பேசியதை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ரோகிணி பெங்களூருக்குப் போகிறாள், ஒரு கம்பெனியில் வேலை இருக்கிறதாம். ஆட்டம் இல்லை, வேறு வேலை. நேற்றுச் சலங்கையைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, வைத்துக்கொள் அம்மாச்சி என்றாள். எப்போது வந்து வாங்குவாய் என்று கேட்டேன். அவள் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

பிளக்ஸை மாடிக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் விரித்திருக்கிறோம். உன் முகத்தைத் தெருவுக்குக் காட்டாமல் உள்பக்கமாக வைத்துக் கட்டச் சொன்னேன். உனக்கு இனி அவமானம் இல்லை, வெளியே ஒருவருக்கும் தெரியாது. மாடியில் படுத்தால் மட்டும் நீ எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அவள் இப்போது அங்கேதான் படுக்கிறாள்.

பணம் அனுப்ப வேண்டாம், ராசா. நீ வரக்கூட வேண்டாம். மீனா கல்யாணத்துக்கு நாங்கள் வரக் கூடாது என்றால் வரவில்லை, மண்டபத்துக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். வீரணனுக்கு மட்டும் ஒரு போன் போடு. என் தட்டை வையுங்கள் என்று உன் வாயால் சொல். தேங்காயும் வெற்றிலையும் போதும், மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள். அவள் பெண்ணான பிறகு மாமன் வீட்டிலிருந்து ஒரு முழம் பூகூட அவளுக்கு வந்ததில்லையப்பா.

மீனாவுக்கு இதைவிட நல்ல இடம் அமையும். நீ நன்றாக இருப்பாய். காதில் ஊதிவிட்ட மூச்சு இன்னும் உன்னிடம் இருக்கும்.

அவள் மாசி முடியும் வரை இங்கே இருப்பாள். மணைப்பலகையை நான் இன்னும் எடுக்கவில்லை.

உன் ஆத்தா
மலையம்மாள்