என் பதினொன்றில் தேசப்பன்

பிப்ரவரி 25, வெள்ளி

காலையில் கடும் பனி. வெகுநேரம் ஏரியே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம். பாதிப் பேருக்கு இருமல்.

தேசப்பன் என் பதினொன்றில் இல்லாத ஒருவனாக இருந்திருந்தால், இன்று அவனிடம் அதையே சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. மதியச் சாப்பாட்டிலிருந்து என்னையே கேட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை.

முதலிலிருந்து எழுதினால் எவ்வளவு சிறுபிள்ளைத்தனம் என்பதாவது தெரியும். ஞாயிறுதோறும் குப்பங்களுக்கிடையே கால்பந்து. டிரில் மாஸ்டர் காதர், எங்கள் கம்பவுண்டர் ஜோசப், போஸ்ட்மாஸ்டர், நான். நால்வரும் எல்லாக் குப்பத்து ஆட்களிலிருந்தும் ஆளுக்குப் பதினொரு பேரைப் பொறுக்கி, புதன்கிழமை எழுதிக் காதரிடம் கொடுக்கிறோம். அவர்கள் எந்தக் குப்பத்துக்காகப் போட்டாலும் கோல் பொறுக்கியவர் கணக்கில். கொடுத்த பிறகு மாற்றக் கூடாது. ஆடுகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. காசுப் பந்தயம் இல்லை. கேலி மட்டும்.

கேலிதான் பொறுக்க முடியவில்லை. ஆரம்பித்த நாளிலிருந்து நானே கடைசி. போன ஞாயிறு என் ஆட்கள்:

கோல்கீப்பர்: ஆரம்பாக்கத்தில் மச்சினி கல்யாணம்.
பின்வரிசையில் இருவர்: எதிரெதிர்க் குப்பம். ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, இருவரும் வெளியே.
முன்வரிசை: ஏரியில். பாடு.

இந்தப் பாடுதான் ஒவ்வொரு வாரமும் என்னைக் கவிழ்க்கிறது. ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்துப் பக்கம் எறால் விழுகிற இடங்களில் இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று ஊர் வைத்த முறை. தன் நாளில் வலை போடாவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சுற்று முடிந்து திரும்ப வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டியதுதான். மற்ற மூவரும் யாருக்கு என்றைக்குப் பாடு என்று விசாரித்துத்தான் பெயர் எழுதுகிறார்கள். நான் ஆட்டத்தை மட்டும் பார்த்து எழுதுகிறேன்.

ஜோசப் சொன்னது: "இன்னா டாக்டரம்மா, உங்க டீமுல பாதி பேரு தண்ணில கீறான், மீதி பேரு தண்ணி போட்டுகினு கீறான்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து எரிச்சல்.

சாமி, ஜோசியம், ஊசி போட்டால்தான் காய்ச்சல் போகும் என்பது, எதையும் நம்பாதவள். ஐம்பதை நெருங்கும்போது பதினொரு பெயரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரம் தேசப்பனைக் கேப்டனாக எழுதினேன். கேப்டன் கோல் இரட்டிப்பு. பாடு விசாரிக்கவில்லை, மறுபடியும்.

இன்று அவனே வந்தான். உள்ளங்கையில் கெளுத்தி முள் குத்தியிருந்தது. வெந்நீரில் கையை வைத்திருக்கச் சொல்லி, சுத்தம் செய்து, ஊசி போட்டுக் கட்டினேன். ஆழமில்லை.

"ஞாயித்துக்கெழம எங்க பாடும்மா. தண்ணில எறங்கலாமா?"

இதே மாதிரிக் கையோடு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு போ என்றுதான் சொல்வேன். போகாதே என்றால் கேட்க மாட்டார்கள். இன்று சொன்னது: "உப்புத் தண்ணி கூடாதுப்பா. ஒரு வாரம்."

"ஒரு வாரமா." கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப பந்து ஆடலாமா?"

"அது கால்ல ஆடறதுதானே."

புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். பொய் ஒன்றும் இல்லை. அதுதான் தொந்தரவு.

பிப்ரவரி 26, சனி

நல்ல வெயில். தூக்கம் சரியில்லை. ஊசி மருந்து கேட்டு இண்டென்ட் எழுதணும், எழுதவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்து, வாங்கி வந்தேன்.

ஜோசப் பஞ்சு உருட்டிக்கொண்டே கேட்டார்: "உங்க கேப்டனுக்கு நாளைக்கு பாடாச்சேம்மா. இந்த வாரமும் அவுட்டா?"

கையில் காயம், தண்ணீருக்குப் போகவில்லை என்றேன்.

"போவலியா? யாரு சொன்னாங்க, நீங்களா?"

நான்தான் என்றேன். பஞ்சு உருட்டுவதை நிறுத்தவில்லை. "சரிம்மா" என்றார். அதற்கு மேல் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன். பையில் பிளாஸ்டிக் கவர், நூல். வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்தேன்: யோசித்துப் பார்த்தேன், சுற்றிக் கட்டிக்கொண்டால் போகலாம். காரணம் சொல்ல வேண்டாம்.

தேசப்பன் இல்லை, பந்து ஆடப் போயிருந்தான். மனைவி மல்லிகா காய்ந்த வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நாளை வேண்டாத வலை.

"காலைலயே ஊரு பெரியவங்ககிட்ட சொல்லிட்டு வந்துட்டாரும்மா. பாடு அடுத்த வூட்டு ஏழுமலைக்கு போய்ட்சி."

"திரும்பக் கேக்க முடியாதா?"

"வேணான்னு சொல்லிட்டு எப்டிம்மா கேக்கறது? பரவால்ல. கை இருந்தாதானே அடுத்த பாடு. இவரு நைனாவுக்கு இதே மாதிரி கெளுத்தி குத்திதான், கேக்காம தண்ணில எறங்கி, வெரலு எடுத்தாங்க. அதான் நீங்க சொன்னதும் மறுபேச்சு பேசல."

எனக்கு அது தெரியாது. நான் கேட்டதில்லை.

"இன்னாம்மா இவ்ளோ தூரம்?" என்றாள். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வந்தேன் என்றேன். டீ கொடுத்தாள். குடித்தேன். கவர் பையிலேயே.

பிப்ரவரி 27, ஞாயிறு

நடந்ததை மட்டும்.

காலை. ஏழுமலை வலையில் எறால், கூடை கூடையாக. மீன் வண்டிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டு ஓடினார்கள். என் ஜன்னல் வரை சத்தம். ஜன்னலைச் சாத்தினேன். புழுக்கம், மறுபடி திறந்தேன்.

மாலை, ஆட்டம். தேசப்பன் இரண்டு கோல். இரண்டாவது விழுந்தபோது எழுந்து நின்று கை தட்டினேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"இந்த வாரம் டாக்டரம்மாதான் ஃபர்ஸ்ட்" என்றார் காதர். போஸ்ட்மாஸ்டர் கை குலுக்கினார். ஜோசப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆட்டம் முடிந்த பிறகும்.

தேசப்பன் வேர்வையோடு நேராக என்னிடம் வந்தான். "ஒரு சொட்டு தண்ணி படலம்மா, பாருங்க."

கட்டைப் பிரித்தேன். காயம் சுத்தமாக, மூடிக்கொண்டிருந்தது. ஏரியில் இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? இந்தக் கை சொல்லாது.

"ஏழுமலைக்கு நல்லா வுழுந்துச்சாம்மா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "அதிர்ஷ்டக்காரன்."

புதுக் கட்டுப் போட்டேன்.

விளக்கேற்றும் நேரத்துக்கு மல்லிகா வந்தாள். அலுமினியக் கிண்ணத்தில் எறால். "ஏழுமலை வூட்ல எங்களுக்குன்னு குடுத்தாங்க. உங்களுக்கு பாதி. நீங்க சொல்லாட்டி கை போயிருக்கும்மா."

வேண்டாம் என்று ஒரு தரம்தான் சொன்னேன். வாங்கிக்கொண்டேன். உரித்து வைத்திருக்கிறேன். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.