தேக்குக் கூடையில் நீல வாண்டா

நகோன் சாய்சீ
பிப்ரவரி 20

நிபாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை, நலமாகத்தான் இருப்பாய்.

அம்மா இறந்த நூறாம் நாள் சடங்குக்கு வந்தாய். பிக்குகளுக்கு நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மாமரத்தில் தேக்குக் கூடையில் தொங்கிய அம்மாவின் நீல வாண்டா ஆர்க்கிட்டைக் கழற்றிக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். பக்கத்து வீட்டு சோம்ஜாய் ஓடிவந்து, "உன் தங்கச்சி ஆர்க்கிட்டைத் திருடிட்டுப் போறாடி" என்றாள். அத்தனை பேர் முன்னால்.

என் தோட்டத்தில் நாலாயிரம் ஆர்க்கிட் செடிகள் விற்பனைக்கு இருக்கின்றன. விற்க மாட்டேன் என்று வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். திருப்பிக் கொண்டு வா.

சாய்தோங்

பாங்காக்
மார்ச் 1

அக்காவுக்கு,

திருட்டு என்று சொல்லாதே. தோட்டம் உனக்கு, வீடு உனக்கு, அம்மாவின் கடைசி நாலு நாளும் உனக்கு. எனக்கு நீ காட்டியது சவப்பெட்டியைத்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நெனவே இல்லாம கெடந்தாங்க, நீ வந்து மட்டும் என்ன பண்ணியிருப்பே" என்றாய்.

செடியைத் தர மாட்டேன். ஆனால் அது வாடுகிறது. இலை சுருங்கி, அடியில் மஞ்சளடித்துவிட்டது. நான் இருப்பது பன்னிரண்டாம் மாடி. தொங்கும் வேரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். அதனால் கூடையோடு ஒரு பீங்கான் தொட்டியில் இறக்கி, நல்ல மண்ணாகப் போட்டு மூடித் தினமும் தண்ணீர் விடுகிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்? செடிக்காகத்தான் கேட்கிறேன், உன்னோடு பேசுவதற்காக அல்ல.

நிபா

நகோன் சாய்சீ
மார்ச் 5

அறிவு கெட்டவளே,

மண்ணா? ஆர்க்கிட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் வாண்டாவை மண்ணில் புதைத்தாயா? அதன் வேருக்குக் காற்று வேண்டும். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் அதை வெளியே எடு.

எடுத்துவிட்டாயா? மண் போகக் கழுவு. ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பார். கெட்டியாக இருந்தால் விட்டுவிடு, கொழகொழவென்று இருந்தால் வெட்டிவிடு. கத்தியை முதலில் நெருப்பில் காட்டு. வெட்டின இடத்தில் வெற்றிலைக்குப் போடும் சிவப்புச் சுண்ணாம்பைத் தடவு. அம்மாவின் சுண்ணாம்புச் செப்பையும் நீதான் எடுத்துப் போயிருப்பாய், அலமாரியில் காணோம். மூன்று நாள் நிழலில் தொங்கட்டும், சொட்டுத் தண்ணீர் காட்டாதே. அப்புறம் காலையில் மட்டும், வெள்ளை வேர் பச்சையாகும்வரை நனை. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்று. சாயங்காலத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரி தலையில் சொட்டினால் சொட்டட்டும்.

கூடை இற்றுப்போயிருந்தாலும் உடைக்காதே. வேர் மரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும், பிய்த்தால் வேர் போய்விடும். பழைய கூடையை அப்படியே பெரிய கூடைக்குள் வை.

அது செத்தால் என் முகத்தில் விழிக்காதே.

சாய்தோங்

பாங்காக்
ஏப்ரல் 6

அக்காவுக்கு,

பிழைத்துவிட்டது. ஐந்து வேர் மிஞ்சியது, ஐந்திலும் நுனி பச்சையாக இருக்கிறது. சுண்ணாம்புச் செப்பு என்னிடம்தான் இருக்கிறது.

சொங்க்ரான் புத்தாண்டுக்கு வந்து அக்கா கையில் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்கிக்கொள் என்று சித்தி போன் செய்தாள். வர மாட்டேன். சோம்ஜாயிடம் பேசினேன். "கடைசி நாள் காலையில கூட உங்கம்மா கஞ்சி கேட்டாங்களே, இஞ்சி கம்மின்னு திட்டினாங்களே" என்றாள். நினைவில்லாதவளுக்கு இஞ்சி குறைந்தது எப்படித் தெரியும்? அதற்குப் பதில் சொல்.

நிபா

நகோன் சாய்சீ
ஏப்ரல் 11

நிபா,

அம்மாவுக்கு நினைவு இருந்தது. திங்கட்கிழமை, "நிபா எங்கடி?" என்றாள். "வந்துகிட்டிருக்காம்மா" என்றேன். நான் உனக்குச் சொல்லியே அனுப்பவில்லை.

பதினோரு வருஷம் அவளைக் குளிப்பாட்டித் துணி துவைத்தவள் நான். நீ வருஷத்துக்கு இரண்டு தடவை கேக் பெட்டியோடு வருவாய், உன்னைக் கண்டதும் அவள் எழுந்து உட்காருவாள். கடைசி நாலு நாளாவது அவள் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் உன் மேல் கோபம்தான் வருகிறது. இப்போது என் மேலும் வருகிறது.

செடி இங்கே இருக்கும்போதே நெட்டையாகிவிட்டது. வெயில் காலம், தண்டை இரண்டாக வெட்டலாம். மேலே மூன்று நல்ல வேராவது இருக்கும்படி வெட்டு. அந்த மேல்துண்டு உனக்கு. அடித்துண்டைக் கூடையோடு எனக்கு அனுப்பு, அதிலிருந்து குட்டிச் செடி வரும். அனுப்ப மனமிருந்தால் மட்டும்.

சாய்தோங்

பாங்காக்
ஏப்ரல் 19

அக்காவுக்கு,

வெட்டிவிட்டேன். எனக்கு மூன்று வேர், உனக்கு இரண்டு. அடித்துண்டு நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறது. கூடையை உடைக்கவில்லை. இரண்டு வெட்டிலும் அம்மாவின் சுண்ணாம்பைத்தான் தடவினேன், செப்பில் அவ்வளவுதான் இருந்தது. காலிச் செப்பை நான் வைத்துக்கொள்கிறேன்.

இனி இந்தச் செடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், கேட்டு எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் பதில் போடு. அம்மா அந்தத் திங்கட்கிழமை மட்டும்தான் என்னைக் கேட்டாளா, மற்ற மூன்று நாளும் கேட்டாளா?

நிபா