அப்பாவைக் கோவிலம்பாக்கத்தில் விட்டு வந்தேன்

ராஜகீழ்ப்பாக்கம்
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் உயிரோடு இருக்கிறேன், அந்தக் குளிர் தேசத்தில் நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். இடது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது, பயப்படாதே.

புதன்கிழமை காலை அப்பாவுக்கு இட்லி எடுத்து வைத்தேன். என்னையே உற்றுப் பார்த்தவர் சட்டென்று எழுந்து, "யார் நீ? என் பொண்டாட்டிய எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே என் தலைமுடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் இடித்தார். பி.டி. மாஸ்டராக இருந்த உடம்பு, அந்த வலு இன்னும் குறையவில்லை. கையைப் பின்னால் முறுக்கினார், மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கழுத்தை நெரித்தார். நோய்தான் இப்படிச் செய்ய வைக்கிறது என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய், அந்த நேரத்தில் அது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லையடி. அவரைக் கொன்றுவிடலாம் என்றுதான் இருந்தது. இட்லிக் குண்டான் மூடியால் அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன், புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. எதிர்வீட்டு தனசேகர் ஓடிவந்து அவரைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார், அப்பா தனசேகர் கையையும் கடித்துவிட்டார். "இன்னாக்கா இது, ஒருநாள் உன்ன கொன்னே போட்ருவாரு" என்று கத்தினார் தனசேகர். கொஞ்ச நேரத்தில் அப்பா தானாகவே அடங்கி, என் கன்னத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "யாரும்மா உன்ன இப்படி அடிச்சது? பேரச் சொல்லு, அவன் கைய ஒடைக்கிறேன்" என்றார்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். கோவிலம்பாக்கத்தில் மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது, வெள்ளிக்கிழமை அங்கே சேர்த்துவிட்டேன்.

இந்த நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்க உன் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ செய்த புதுச் சாயம் மூளைக்குள் போகாமல் ரத்தத்திலேயே நின்றுவிடுகிறது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, வராதே. எலியின் மூளையில் புரதக் கட்டிகள் மேல் உன் பழைய சாயம் ஒட்டிக்கொண்டு சிவப்புச் சிவப்பாக ஒளிர்ந்ததை வீடியோ காலில் காட்டினாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பா சாவியை வைத்த இடம் மறந்து தேட ஆரம்பிப்பதற்குப் பல வருஷம் முன்பே அந்தக் கட்டி அவர் தலைக்குள் சேர ஆரம்பித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்போதே யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால், மருந்து இருந்ததோ இல்லையோ, அவர் அவராக இருக்கும்போதே நான் பேச வேண்டியதைப் பேசியிருப்பேன். இன்னொரு வீட்டுக்காவது அந்த அவகாசம் கிடைக்கட்டும். மூளைக்குள்ளே போகிற மாதிரி ஒரு சாயத்தைச் செய்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். இல்லத்தில் அவரை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே ஒரே ரகளை, அவரைப் பிடித்திருந்த ஆளின் சட்டையைக் கிழித்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். அப்போது "கிறிஸ்டி!" என்று கூப்பிட்டார். என் பெயர் அவர் வாயில் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. திரும்பிப் பார்த்தால் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவேன் என்று தெரியும். நான் திரும்பவில்லை பிளஸ்ஸி. ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பார். இல்லத்துக்குப் போன் செய்தால் அப்பாவிடம் ரிசீவரைக் கொடுக்கச் சொல், பேசாவிட்டாலும் உன் குரலைக் கேட்கட்டும்.

உன் அம்மா,
கிறிஸ்டினா லாசரஸ்