தேர் பேனர்ல என் படம் வேணாம்ப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களாப்பா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி? டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா? நான் நல்லா இருக்கேன். போன்ல பேசுனா அழுதுருவேன், அதான் எழுதுறேன்.

செவ்வாக்கெழம கேம்பஸ் லெக்சரர்மார் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து என்னைய தூக்கிட்டாங்கப்பா! முந்துன நாளு நம்ம கிரிக்கெட் டீம் ஜெயிச்ச சந்தோஷத்துல ஸ்டிக்கரா போட்டுத் தள்ளுனேன், அதுக்குத்தான்னு நெனச்சு சிரிச்சேன். ஆபிஸ்ல போய்க் கேட்டா, "ஒங்க கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சே மிஸ், யாரும் சொல்லலையா?"ங்குறாங்க. வேற ஆள் போட்டாச்சாம். அங்கருந்து நேரா கிளாசுக்குப் போய் பாடம் எடுத்தேன்ப்பா. புள்ளைங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கும் வேற எங்க போறதுன்னு தெரியல.

கோயில் தேர் பேனர்ல என் படத்தப் போட்டு, "பல்கலைக்கழக விரிவுரையாளர்"னு அடிக்கக் குடுக்கப்போறேன்னீங்களே, அது வேணாம்ப்பா. கெஞ்சிக் கேக்குறேன். லயத்து வீடுகள்ல யாரும் கேட்டா, படம் தெளிவா இல்லன்னு சொல்லிருங்க.

தேருக்கு நான் வரல. கூட்டமெல்லாம் போனதும் வர்றேன். என் கட்டில்ல தங்கச்சி படுத்திருந்தா எழுப்ப வேணாம்ப்பா, நான் கீழயே படுத்துக்குவேன்.

தபால் கந்தோர் மூடப்போறாங்க, முடிக்கிறேன்.

ஒங்க மக,
தர்மினி