சிவப்பு விளக்கின் மேல் ஒட்டிய கறுப்பு டேப் குறித்து

அனுப்புநர்:
சி. கோதண்டம்,
(துறைமுக வின்ச் ஓட்டுநர், ஓய்வு)
கல்மண்டபம், ராயபுரம்,
சென்னை – 600 013.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம், ராஜாஜி சாலை.

பொருள்: வீட்டு வைஃபை இணைப்பு வேலை செய்யாதது – பழுதைப் பார்க்காமலே சரிசெய்ததாகப் புகாரை முடித்தது – கடலலை நெட் நிறுவனத்தின் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மிக்ஜாம் புயல் அடித்து, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்து, காத்திவாக்கத்துப் படகுகளெல்லாம் கறுத்துப்போன வருஷம் அது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடந்ததை வைத்துத்தான் காலம் சொல்வேன், ஆனால் தப்பாகச் சொல்ல மாட்டேன். வலை போடுகிறவர்கள் வாளியில் எண்ணெய் அள்ளிக்கொண்டிருந்த அந்த மார்கழியில்தான் கடலலை நெட் நிறுவனத்தார் என் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு இணையப் பெட்டியை மாட்டினார்கள். அன்று முதல் இன்றுவரை சந்தா ஒரு மாதமும் தவறியதில்லை.

2. இந்த வயதில் படிப்பறிவில்லாத கிழவனுக்கு வைஃபை எதற்கு என்று அந்தக் கம்பெனியில் ஒருவர் சிரித்தார். தங்களுக்கும் அந்தக் கேள்வி வரலாம் என்பதால் சொல்கிறேன். துறைமுகத்தில் நான் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டினேன். என் தோஸ்து ஹென்றி, கப்பலடிச் சரக்கறையின் திறந்த வாய் ஓரம் நின்று எனக்குக் கை காட்டுவான். இரும்புச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. அவன் விரலைச் சுழற்றினால் சரக்கை ஏற்றுவேன், உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்குவேன், முஷ்டியை மூடினால் அப்படியே நிறுத்துவேன். கீழே நின்றவர்களின் உயிர் அந்தக் கையில் இருந்தது. இப்போது ஹென்றி புனேயில் தன் மகள் மெர்லின் வீட்டில் இருக்கிறான். தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். போனில் கூப்பிட்டால் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வரும். அவனும் என்னைப் போலவே கைநாட்டு, எழுதியும் காட்ட முடியாது. ஆகவே ஞாயிறு மதியம் வீடியோவில் அந்தப் பழைய கைப்பேச்சிலேயே பேசிக்கொள்வோம். மருமகன் பொருமுவது முதல் கஞ்சியில் உப்பில்லை என்பது வரை எல்லாம் அதில் சொல்வான். மெர்லினுக்கே பாதி புரியாது.

3. இப்போது முடிந்த ஐப்பசியின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள். அன்றிலிருந்து பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. போனில் வைஃபை குறி முழுதாக நிற்கும், படம் மட்டும் வராது. வந்தாலும் உறைந்துவிடும். ஒரு ஞாயிறு ஹென்றியின் முஷ்டி மூடியபடி உறைந்தது. நிறுத்து என்கிறானாக்கும் என்று நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் லைன் போனது தெரிந்தது. வீட்டுக்குள் டவர் பேச்சுக்கும் மெசேஜுக்கும்தான் எடுக்கும், வீடியோவுக்குப் போதாது.

4. உதவி எண்ணுக்கு அழைத்தேன். பெட்டியை அணைத்துப் போடு என்றார்கள், போட்டேன். போனை அணைத்துப் போடு என்றார்கள், அதையும் செய்தேன். வைஃபையை போனிலிருந்து மறக்கவைத்து மறுபடி பாஸ்வேர்டு போடு என்றார்கள். எதிர்வீட்டு ஷைனியைக் கூப்பிட்டுப் போட்டேன். பெட்டியை ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து தள்ளி வை என்றார்கள். என் வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது. அதைச் சொன்னதற்கு, "அப்படின்னா போன்தான் சார் பிராப்ளம்" என்று வைத்துவிட்டார்கள். சிவப்பு விளக்கைப் பற்றி நான் சொன்னதை ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லை.

5. போன் பழுதா என்று நானே பார்த்தேன். ஷைனியின் புதுப்போனை என் வீட்டுப் பெட்டியில் இணைத்தோம், அதிலும் படம் வரவில்லை. என் போனை எடுத்துக்கொண்டு முனையில் நசீர் டீக்கடைக்குப் போனேன். அது வேறு கம்பெனி லைன், அங்கே பளிச்சென்று வந்தது. "நைனா, போன் மேல தப்பு இல்ல. உன் வூட்டு லைனுதான் படுத்துகினு கீது" என்றார் நசீர். இது தெரிய இன்ஜினியர் தேவையில்லை. கம்பெனிக்கு இன்றுவரை தெரியவில்லை.

6. பலமுறை நச்சரித்த பிறகு ஒரு டெக்னீஷியன் வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பெருசு, போன்ல நம்பர் வந்துகீதா பாரு, சொல்லு" என்றார். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும் எனக்கு. துறைமுகத்தில் வேலைக்குப் போனதும் மேஸ்திரியிடம் அவரவர் ஆள் நம்பரைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் வேலை ஆரம்பம். அதே பழக்கத்தில் இவரிடமும் வந்த நம்பரைச் சொன்னேன். அது வேலை முடிந்த பிறகு சொல்ல வேண்டிய நம்பராம், ஐயா. நான் சொல்லி, அவர் தன் போனில் அதைத் தட்டிய மாத்திரத்தில் என் புகார் 'சரிசெய்யப்பட்டது' என்று முடிந்துவிட்டது. பிறகு அவர் பெட்டியைத் தொட்டார். எதற்கு? பையிலிருந்து கறுப்பு டேப் எடுத்து, மினுக்கிய சிவப்பு விளக்கின் மேல் ஒட்டினார். "லைட்ட பாத்தாதானே உனுக்கு பேஜாரு? இனிமே பாக்காத" என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போய்விட்டார். பிறகு எத்தனை முறை அழைத்தாலும், உங்கள் புகார் உங்கள் ஒப்புதலோடு முடிந்துவிட்டது என்கிறார்கள். துறைமுகத்தில் அபாய விளக்கை மூடினவனை அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள். இங்கே அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

7. எதிர்வீட்டில் வைஃபை கிடையாது. டீக்கடையிலேயே பேசினால் என்ன என்று கேட்கலாம். ஒரு ஞாயிறு அதையும் செய்தேன். நான் கை காட்டக் காட்ட, பின்னால் நின்ற லாரிக்காரர்கள் இருவர் அதே மாதிரி கையை ஆட்டி, "பெருசு இன்னா டான்ஸ் ஆடுது மாமு" என்று சிரித்தார்கள். நசீர் அவர்களை விரட்டினார். ஆனால் அதற்குள் ஹென்றி படத்தில் அவர்களைப் பார்த்துவிட்டான். கையை மெல்ல மடியில் இறக்கிவிட்டான், பிறகு தூக்கவேயில்லை. கப்பலடியில் ஒரு ஆளுக்கும் அடிபடாமல் காத்த கை, ஐயா. அதைத் தெருவில் நின்று கிண்டலுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. என் வீட்டில் உட்கார்ந்து பேசத்தான் சந்தா கட்டுகிறேன்.

8. நேற்று மெர்லின் போனில் பேசினாள். "அங்கிள், அப்பா கழுத்துல மறுபடி கட்டி. வியாழக்கெயம ஆபரேசன். மயக்கம் தெளியுமான்னு டாக்டரே இழுக்கறாரு. அப்பா காலைலேர்ந்து போன் முன்னாடி கையத் தூக்கிகினே உக்காந்துகினு கீறாரு, உங்க மூஞ்சி வரவேயில்ல" என்றாள். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். அழும்போது ராயபுரம்தான் வாயில் வரும். ரயிலேறிப் புனே போக என் இடுப்பு விடாது. நேற்று முழுக்கப் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டேன். டேப்புக்கு அடியில் சிவப்பு இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஓரமாகக் கசிகிறது, தெரிகிறது.

9. ஆகவே ஐயா, நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. முடித்த புகாரை நிறுவனம் மறுபடி திறக்க வேண்டும். கால்வாய் தோண்டிய இடத்தில் லைனை ஆராய்ந்து புதன்கிழமைக்குள் சரிசெய்ய வேண்டும். வியாழக்கிழமை செய்து கொடுத்தால் அந்த லைன் எனக்கு வேண்டாம், சுவரோடு பிடுங்கிக்கொண்டு போகட்டும். டேப்பை நான் பிரிக்கவில்லை. ஒட்டினவரே வந்து, என் எதிரில், தன் கையால் பிரிக்க வேண்டும். பிரித்து, அந்த விளக்கு ஏன் எரிகிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும். வேலை முடியும் முன் வயதானவர்களிடம் நம்பர் பிடுங்கும் இந்த வழக்கத்தைத் தாங்கள் விசாரித்து நிறுத்த வேண்டும்.

10. தாங்கள் கையெழுத்திட வேண்டிய பெரிய காரியங்கள் ஆயிரம் இருக்கும். இது ஒரு ஒயரும் ஒரு விளக்கும்தான். ஆனால் என் கையைப் பார்த்து நான் சொல்வது இன்னதென்று புரிந்துகொள்ள உலகத்தில் ஆள் தீர்ந்துவிட்டது. சரக்கில் கொக்கி மாட்டிய அந்தோணிசாமி, சுனாமி வந்த வருஷம் போனார். கயிறு பார்த்த ஷாரிக் பாய், பெருவெள்ளத்தில் வீட்டோடு போனார். மேஸ்திரி ஏகாம்பரமும் அவர் தம்பியும் கொரோனாவில் ஒரே வாரத்தில் போனார்கள், முகம்கூடப் பார்க்க விடவில்லை. எங்கள் கூட்டத்தில் இன்று மூச்சோடு இருக்கிறவன், ஐயா, ஹென்றி ஒருவன்.

இடம்: ராயபுரம்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
சி. கோதண்டம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

சொல்லக் கேட்டு எழுதி, படித்துக் காட்டியவர்: ஷைனி, எதிர்வீடு.