மைக்குக்கு வை

மார்ச் 4

புதன்கிழமை ஈரத் துண்டு மறுபடியும் என் தலையணை மேல் கிடந்தது. வாயைத் திறந்தேன். இவர் கையைத் தூக்கி, "இரு இரு, வீணாக்காத. மைக்குக்கு வை" என்றார். வைத்தேன். இன்று படுக்கையறை அலமாரிக் கதவுகளைத் திறந்து போட்டு, எதிரொலிக்காமல் இருக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டு, கட்டிலில் மைக்கை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்து அந்தத் துண்டை அலசிப் பிழிந்தோம். எங்களுடையது ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற புருஷனும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண்டாட்டியும் வீட்டுச் சண்டை போடும் பாட்காஸ்ட். பெயர் 'யார் தப்பு?'. கேட்கிறவர்கள் வாக்களித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். துண்டு வழக்கில் ஜெயிப்பது நான்தான், சந்தேகமே இல்லை.

யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம், காசில்லை. ஒரு நர்ஸம்மா ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் கேட்டுவிட்டு வாராவாரம் எழுதுவார். "இன்னிக்கு யார் மேலயும் எரிஞ்சு விழாம வீட்டுக்குப் போறேன்" என்று ஒரு தடவை எழுதினார். அதை இவர் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

சாயங்காலம் ஒரு பெரிய ஆப் கம்பெனியிலிருந்து போன். நாங்கள் வேண்டுமாம். அவர்களுக்கு மட்டும் வேண்டுமாம்.

மார்ச் 12

சுற்றிலும் கண்ணாடி வைத்த அறை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. எங்களுக்கென்று ஒரு தயாரிப்பாளர், மகளைவிடக் கொஞ்சம் பெரியவள். எதற்கெடுத்தாலும் "சூப்பர்". தண்ணீர் வேண்டாம் என்றேன், அதற்கும் சூப்பர். படியிறங்குவதற்குள் இவர் அவளுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

ஒரு வருட ஒப்பந்தம். நிகழ்ச்சி அவர்கள் ஆப்பில் மட்டும், சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும். பழையவற்றை மற்ற இடங்களிலிருந்து எடுத்துவிடுவார்கள். பெயரும் பழைய பதிவுகளும் அவர்களுடையவை. எங்கள் குரல் வேறெந்த நிகழ்ச்சியிலும் கேட்கக் கூடாது.

"அப்ப வீட்ல பேசிக்கலாமா?" என்று கேட்டார் இவர். எல்லோரும் சிரித்தோம்.

"தாராளமா பேசுங்க அண்ணா. முக்கியமானதை மட்டும் நமக்கு மிச்சம் வைங்க. அக்கா முதல் தடவை கேக்கறப்ப ஒரு ரியாக்‌ஷன் வருதில்ல, அதான் சூப்பர்" என்றாள்.

பட்டறை தள்ளாடிக்கொண்டிருக்கிறது, மகளுக்கு இன்னும் படிப்பு இருக்கிறது. கையெழுத்துப் போட்டோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஏப்ரல் 2

பழைய பதிவுகள் எல்லாம் போய்விட்டன. தேடினால் வெறும் பக்கம் வருகிறது. நர்ஸம்மா எழுதியிருக்கிறார்: "சந்தா கட்ட இப்ப வழியில்லைம்மா. ரெண்டு பேரும் நல்லா இருங்க. சண்டையை மட்டும் விட்டுடாதீங்க."

நாத்தனார் போனில், "என்ன அண்ணி, இனிமே உங்க சண்டைக்கு டிக்கெட் வாங்கணுமா?" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

ஜூன் 9

இன்று வீட்டில் பேசியது: "கேஸ் சிலிண்டர் வந்துச்சா?" "வந்துச்சு." மீதியெல்லாம் மைக்குக்கு.

ஆகஸ்ட் 17

மகள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். "நீ கடையில மயங்கி விழுந்ததை நான் ஆப்ல கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமாம்மா?"

அப்பாவுக்கே அப்போதுதான் தெரியும் என்றேன். "அம்மா, இது நல்லா இல்ல" என்றாள்.

நல்லா இல்லைதான். விழுந்த அன்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அந்த வாரத்துக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லை — அவ்வளவுதான் காரணம். சொன்னபோது இவர் முகம் வெளுத்துவிட்டது. மைக்கை மறந்து எட்டி என் கையைப் பிடித்தார். ஹெட்போனில் சூப்பர், "சூப்பர், அப்படியே இருங்க" என்றாள். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கை இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அவளைச் சொல்லி என்ன பயன், அவள் வேலை அது.

அக்டோபர் 5

என்னத்தை எழுத. பதிவு நடுவில், சாவி தொலைத்த கதை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "பட்டறையை மூடிடறேன். துறைமுகத்துல மீன் வைக்கிற குளிர்கிடங்கு ஒன்னு இருக்கு, அங்க மெக்கானிக் வேலைக்கு ஒத்துக்கிட்டேன். அடுத்த மாசம் கிளம்பணும்" என்கிறார். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய ஊர் அது.

நான் சிரித்தேன். கேட்கிறவர்களுக்குப் பிடிக்குமே, அந்தச் சிரிப்பு. "போங்க போங்க, துண்டுக்கு விடுதலை" என்றேன். சூப்பர் கை தட்டினாள்.

அப்புறம் சமையலறையில், "எப்ப முடிவு பண்ணீங்க?" என்றேன்.

"போன மாசம்."

"ஏன் சொல்லலை?"

"மைக்குக்கு வெச்சிருந்தேன்." அதோடு விடாமல், "நீயும் அப்படித்தானே" என்றார்.

கத்தலாம் என்று வந்தது, கத்தவில்லை. கத்தினால் அதுவும் ஒரு எபிசோட் ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. சீ, என்ன பிழைப்பு இது.

அக்டோபர் 13

தீர்ப்பு வந்துவிட்டது. தப்பு என் மேலாம். 'அவர் சொல்லும்வரை அந்தம்மா ஏன் கேட்கவில்லை' என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இதுவரை வந்ததிலேயே பெரிய எபிசோட் இதுதானாம். சூப்பர் பூங்கொத்து அனுப்பியிருக்கிறாள். குடத்தில் போட்டு வைத்திருக்கிறேன், எங்கள் வீட்டில் பூச்சாடி ஏது.

டிசம்பர் 14

அவர் அங்கே, நான் இங்கே. ஞாயிறு தோறும் லைனில் மூன்று பேர்: அவர், நான், சூப்பர். அலமாரிக் கதவைத் திறந்தால் அவர் பக்கம் காலி, சத்தம் எதிரொலிக்கிறது. கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறேன்.

இன்று சூப்பரின் லைன் அறுந்துபோனது. நாங்கள் இருவர் மட்டும். அவர் இருமினார். நான், "குளிரா?" என்றேன். "கிடங்குல எப்பவும் குளிர்தான்" என்றார். சூப்பர் எப்போது திரும்பி வருவாள் என்று காத்திருந்தோம்.

பிப்ரவரி 21

சூப்பர் கூப்பிட்டாள். கம்பெனி இனிமேல் பாட்காஸ்ட்டே நடத்தப் போவதில்லையாம். ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு சரி. பதிவுகளை ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஆனால் எங்களுக்குத் தர மாட்டார்கள். பெயரும் அவர்களிடமே இருக்கும். "அப்ப யாரும் கேக்க முடியாதா?" என்றேன். "முடியாதுக்கா." அவளுக்கும் வேலை போய்விட்டது. "நீங்க சூப்பரா பண்ணீங்கக்கா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். பாவம். நான் அவளைத் தேற்றினேன், என்னைத் தேற்ற ஆளில்லை.

அந்தப் பெயரில் இனி நாங்கள் பேச முடியாது. வேறு பெயரில் பேசலாம், பேச்சுக்கு எங்கே போவது?

மார்ச் 15

மீதிக் கருவிகளை எடுத்துப்போக வந்தார். குளித்தார். உள்ளே போய்ப் பார்த்தேன், தலையணை காய்ந்துதான் இருந்தது. துண்டைக் கொடியில் விரித்துப் போட்டு, கிளிப்பும் மாட்டியிருந்தார், விருந்தாளி மாதிரி. எனக்கு அழுகை வந்தது.

சாப்பிட்டோம். உப்பு சரியாக இருக்கிறது என்றார். மகள் பரீட்சை பற்றிச் சொன்னேன். அவளே சொன்னாள் என்றார். கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கையில் தூக்கியவர், அதை மறுபடி கீழே வைத்தார்.

"உன்கிட்ட ஒன்னு சொல்லணும்னு…"

என் கை தானாக மேலே போய்விட்டது. "இருங்க இருங்க, மைக்குக்கு —"

சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. அவர் என் கையையே பார்த்தார். லேசாகச் சிரித்தார். "சரி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஏங்க என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். கூப்பிடவில்லை, கையை இறக்கவே நேரமாகிவிட்டது.

மார்ச் 16

போய்ச் சேர்ந்ததாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். "நேத்து என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டு அனுப்பினேன்.

மத்தியானம் பதில் வந்தது. "மறந்துபோச்சு."